மூங்கிலுக்குள் தேரை

கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் கடவுள் படியளக்கிறார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இறைப் பராமரிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது இந்த வாக்கை ஒருமுறையேனும் எடுத்தாளாத குருக்கள் நம் பக்கத்தில் இருப்பார்களா என்பது ஐயமே. ஆயினும் கல்லுக்குள் தேரையைக் கண்ணால் கண்டவர் எவரையும் நாம் சந்தித்ததில்லை. மூங்கிலுக்குள் தேரை உண்டு என்பதற்கோ சாட்சி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மூங்கிலின் இரு கணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றறையில் குடியிருந்து, அங்கேயே பிள்ளைகளைக் காத்து வளர்க்கும் அந்தச் சின்னஞ்சிறு பிராணி எங்கோ தொலைதூரத் தீவில் வாழ்வதன்று. நாம் நாள்தோறும் குடிக்கும் தாமிரபரணித் தண்ணீர் பிறக்கின்ற அதே மலையில் வாழ்கிறது. (நூல் முறைப்படி அது தேரையன்று, மரத்தவளை. பழமொழிக்காக வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.)

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாம் மாஞ்சோலைக்குச் சென்றிருந்தோம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியாகச் சென்று, காமராசர் காலத்தில் எழுந்த மணிமுத்தாறு அணையைக் கடந்தால் வனத்துறைச் சோதனைச் சாவடி வரும். அதற்கு மேல் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. அடிவாரத்தில் முள்மரங்களும் காய்ந்த புல்லும் கண்ணைக் கூசவைக்கும் வெயிலும். அருவியைத் தாண்டிச் சற்றுத் தூரம் ஏறியதும் காற்றில் ஈரம் தட்டுகிறது. மரங்கள் உயர்கின்றன, பட்டைகளில் பாசி படர்கிறது, கிளைகளில் பெரணிகள் தொங்குகின்றன. மாஞ்சோலையைக் கடந்து காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மேலே செல்லச் செல்ல, மழை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி மேகமே சாலைக்கு இறங்கிவிடுகிறது. கீழே நம் ஊரில் குடத்துத் தண்ணீருக்குக் காத்திருக்கும் அதே நாளில், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இப்படி ஓர் உலகம் நனைந்துகொண்டிருக்கிறது.

இந்த நனைவுக்குக் காரணம் உண்டு. களக்காடு - முண்டந்துறை மலைகளுக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிகளில் ஆண்டில் பல மாதங்கள் வறட்சி நிலவும். இங்கே அந்த இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே என்றும் இலையுதிராத மழைக்காடு இம்மலையில் நிலைத்திருக்கிறது. 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக இது அறிவிக்கப்பட்டது. புலியைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவார்கள். தவளையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த ஏமாற்றம் இல்லை. ஆனால் அப்படி வருகிறவர்கள் மிகச் சிலர்.

தோட்டத்துச் சிற்றாலயத்தில் மாலைத் திருப்பலியை முடித்தபின், அவ்வூர் உபதேசியாரிடம் நம் ஆவலைச் சொன்னோம். அறுபதைத் தாண்டிய மனிதர். பிறந்ததும் கொழுந்து பறித்ததும் எல்லாம் அந்த மலையில்தான். நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன சாமி, தவளை பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? நம்ம ஊரு வயக்காட்டுல இல்லாத தவளையா?” என்றார். நியாயமான கேள்வி. நம்முடன் வந்திருந்த ஆய்வு மாணவி ஒருவர், “ஐயா, வயக்காட்டுத் தவளைக்குக் குளம் வேணும். இங்க இருக்கிற தவளைக்குக் குளமே வேண்டாம்” என்று பதில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் விளங்குவதற்கு நமக்கு அன்றைய இரவு முழுவதும் தேவைப்பட்டது.

பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது என்ன? தவளை தண்ணீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வரும். அது மீனைப்போல் செவுளால் மூச்சுவிட்டு நீந்தும். பின் கால் முளைத்து, வால் தேய்ந்து, தரையேறும். சமவெளித் தவளைகளுக்கு இது பொருந்தும். மழைக்காட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லையே, அங்கே இது இன்னும் எளிதாக நடக்குமே என்றுதான் எவரும் நினைப்பர். நடப்பதோ வேறு. மலைச்சரிவில் குளம் தேங்காது. ஓடைகள் பாறைகளில் மோதிச் சீறிப் பாய்கின்றன. ஒரே மழையில் முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கிய குழிகளிலோ மீன்களும், தட்டானின் இளம்புழுக்களும், தண்ணீர்ப் பாம்புகளும் காத்திருக்கின்றன. ஆகவே இங்குள்ள தவளைகளில் பல, தண்ணீரை விட்டு ஒதுங்கிப் பிள்ளை வளர்க்கும் வழிகளைக் கைக்கொண்டிருக்கின்றன. அந்த வழிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பதே வியப்பு.

களக்காட்டின் பெயரையே தாங்கிய தவளை ஒன்று உண்டு. ராக்கோபோரஸ் கால்காடென்சிஸ் என்பது அதன் அறிவியற் பெயர். 1927-இல் ஆல் என்னும் செருமானிய அறிஞர் சூட்டியது. விரல்களுக்கிடையே விரிந்த சவ்வு கொண்ட இத்தவளை, உயர்ந்த மரத்திலிருந்து கால்களைப் பரப்பிச் சறுக்கியபடி காற்றில் இறங்கும். இதன் பெண், நீருக்கு மேல் தொங்கும் கிளையிலோ இலையிலோ ஒருவகை நீர்மத்தைச் சுரந்து, அதைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அந்த நுரைக்குள் முட்டையிடுகிறது. முட்டையின் வெண்கருவை நுரைக்க அடிப்பதை நம் வீட்டுத் தாய்மார்கள் அறிவார்கள். ஏறக்குறைய அதே வேலைதான். நுரையின் மேற்புறம் காய்ந்து ஓடுபோல் ஆகிவிட, உள்ளே ஈரம் காக்கப்படும். குஞ்சுகள் வெளிவரும் பருவத்தில் நுரை கரைந்து இளகும். அவை கீழே நீரில் விழுந்து மீதி வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். மிகவும் ஆபத்தான முதல் நாட்களை மட்டும் மரத்தின்மேல் கழித்துவிடுகிற உபாயம் இது.

பாறைத் தவளைகளின் வழி வேறு. இண்டிரானா என்னும் இவ்வினத்தின் தலைப்பிரட்டைகள் நீரில் நீந்துவதில்லை. நீர் கசிந்து வழியும் செங்குத்துப் பாறையின் ஈரப் படலத்தில் ஒட்டிக்கொண்டு பாசியை மேய்கின்றன. விரலை நீட்டினால் நீண்ட வாலை உதறிப் பாறைமேலேயே துள்ளி ஓடுகின்றன. சாலையோரப் பாறையொன்றில் டார்ச் விளக்கை அடித்தபோது, பாறையே நெளிவதுபோல் இருந்தது. இருபது ஆண்டுகளாக அவ்வழியே நடந்த உபதேசியாரும் குனிந்து பார்த்துவிட்டு, “அட, இது புழுவுன்னுல்லா நெனச்சேன்!” என்றார்.

ஓடைக்கரையில் வாழும் ஆடும் தவளைகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்கக் கூடாது. நீரின் இரைச்சலில் குரல் அமிழ்ந்துபோவதால், இவற்றின் ஆண் கத்துவதோடு நில்லாமல் ஒரு பின்னங்காலைத் தூக்கி, விரற்சவ்வை விரித்து, கொடி அசைப்பதுபோல் அசைத்துத் தன் இடத்தை அறிவிக்கிறது. இவ்வினத்தில் 14 புதிய வகைகளை 2014-இல் பேராசிரியர் எஸ்.டி. பிஜுவும் அவருடைய குழுவினரும் ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். இவற்றின் தலைப்பிரட்டைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. ஓடையின் அடிமணலுக்குள் புதைந்து வாழ்கின்றன என்று 2016-இல் கண்டறிந்தார்கள். நாம் ஓடையைத் தாண்டும்போது காலை வைக்கிற மணலுக்குள் ஒரு பள்ளிக்கூடமே இருந்திருக்கிறது!

இங்கே வாசகர் ஒருவர், ‘ஒரு குருவானவருக்கு இந்தத் தவளை ஆராய்ச்சி எதற்கு?’ என்று கேட்கலாம். மறைநூலில் தவளைக்கு நல்ல பெயர் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். விடுதலைப் பயண நூலின் எட்டாம் அதிகாரத்தில் அது எகிப்தியரின் அடுப்பிலும் மாப்பிசையும் தொட்டியிலும் ஏறி வந்த வாதை. திருவெளிப்பாட்டிலோ தீய ஆவிகளுக்கு உவமை. ஆனால் ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்ட வரலாறும் அதே மறைநூலின் முதல் ஏட்டில்தான் இருக்கிறது. அந்தப் பெயரிடும் பணி இன்னும் முடியவில்லை என்பதை இந்த மலைகள் காட்டுகின்றன. 2017-இல் மட்டும் இரவுத் தவளைகளில் ஏழு புதிய வகைகளுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் பெயர் வைத்தார்கள். அவற்றில் நான்கு, நம் விரல் நகத்தின்மேல் உட்கார்ந்துவிடும் அளவினவே. தவிர, இது நம் குருக்களுக்குப் புதிய வேலையும் அன்று. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் சேசு சபைத் தந்தையர் பழனி மலையின் செடிகளையும் பாசிகளையும் பறவைகளையும் திரட்டி அருங்காட்சியகமே அமைத்தார்கள். திருச்சித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இராபினட் உலர்தாவர நிலையத்தை நிறுவிய தந்தை கே.எம். மேத்யூ, தமிழகத்துச் செடிகளைத் தேடித் தம் வாழ்நாள் முழுவதும் நடந்தவர். அவர்களுடைய உழைப்புக்கு முன் நம்முடைய ஓரிரவு உலாவை ஒரு பொருட்டாகச் சொல்வதற்கில்லை.

இனி மூங்கிலுக்கு வருவோம். மலையின் ஈரச் சரிவுகளில் நாணலைப்போல் அடர்ந்து வளரும் ஒருவகை மெல்லிய மூங்கில் உண்டு. தாவர நூலார் ஒக்லாண்ட்ரா திருவாங்கூரிகா என்பர். கூடையும் பாயும் முடையவும், காகிதக் கூழுக்கும் இதனை வெட்டிவந்திருக்கிறார்கள். இரவு எட்டு மணியளவில் அத்தகைய புதர் ஒன்றின் அருகே நின்றோம். கால்களில் சோப்பும் புகையிலைத் தூளும் தடவியிருந்தும் அட்டைகள் ஏறிக்கொண்டே இருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. நாற்புறமும் ஒலி: சிலம்புப் பரல் குலுங்குவதுபோல் ஒன்று, கூழாங்கற்களை உரசுவதுபோல் ஒன்று, தச்சர் சிற்றுளியால் தட்டுவதுபோல் ஒன்று. மாணவி கையுயர்த்தி நம்மை நிறுத்தினார். ஓர் ஒலி மட்டும் வெளியிலிருந்து வரவில்லை. பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மூங்கிலுக்குள்ளிருந்து வந்தது.

“இது எங்களுக்குத் தெரியும் சாமி. மூங்கிப் பூச்சின்னு சொல்லுவோம்” என்றார் உபதேசியார்.

பூச்சியன்று, தவளை. ராவோர்கெஸ்டிஸ் கலாசோடெஸ் என்று அதற்குப் பெயர். பெங்களூருக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்து இந்தியத் தவளைகளை ஆராய்ந்த முன்னோடி சி.ஆர். நாராயண ராவின் நினைவு அந்தப் பெயரின் முதற் பாதியில் இருக்கிறது. 1876-இல் குந்தர் என்னும் அறிஞர் இலண்டனில் இருந்தபடி, திருவாங்கூரிலிருந்து அனுப்பப்பட்ட உடலைப் பார்த்து இதை விவரித்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதை எவரும் கண்டதாகச் செய்தி இல்லை. அழிந்துவிட்டது போலும் என்று எண்ணியிருந்த நிலையில், மறைந்துபோன தவளைகளைத் தேடும் முயற்சியொன்றில் இது மீண்டும் கிடைத்துவிட்டதாக 2011-இல் அறிவித்தார்கள். இலைப்பச்சை உடல், சாம்பல் கலந்த நீலத் தொடைகள், பொன்துகள் தூவிய கண்கள். அளவோ இரண்டரை சென்டிமீட்டர், அதாவது நம் கட்டைவிரலின் மேற்கணு. இவ்வளவு அழகான உயிரை நூறாண்டுக்கு மேல் காணாமல் இருந்தது எப்படி? அது மூங்கிலுக்குள் இருந்ததுதான் காரணம்போலும்.

அது மூங்கிலுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கே.எஸ். சேஷாத்ரி என்னும் இளம் ஆய்வாளர், குருராஜா, பிக்ஃபோர்டு ஆகியோருடன் சேர்ந்து இதே களக்காடு - முண்டந்துறைக் காடுகளில் கண்டறிந்து 2014-இன் இறுதியில் வெளியிட்டார். உலகில் வேறெந்தத் தவளைக்கும் அதுவரை அறியப்படாத வாழ்க்கை முறை அது. மூங்கிலின் கணுவிடையில் பூச்சியோ வேறு சிற்றுயிரோ துளைத்துவிட்ட குறுகிய பிளவு ஒன்று இருக்க வேண்டும். ஆண் தவளை உடலை ஒடுக்கி அதன்வழி உள்ளே நுழைந்து, அந்த அறையிலிருந்து கூவி அழைக்கிறது. பெண் வந்து உட்சுவரில் ஒருசில முட்டைகளை இட்டுவிட்டு வெளியேறிவிடுகிறது. அதன்பின் வீட்டைப் பார்ப்பது தந்தையின் பொறுப்பு.

இந்த முட்டைகளிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை. குளத்தில் நடக்க வேண்டிய அனைத்தும் முட்டைக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. மஞ்சள் கருவே கட்டுச்சோறு. முட்டைக்குள் உள்ள ஈரமே குளம். கால்கள் முளைத்து, தாய் தந்தையரைப்போன்ற முழுத் தவளையாய், அரிசியளவில் ஒரு குஞ்சு முட்டையைக் கிழித்து வருகிறது. புதர்த் தவளைகள் எனப்படும் இக்குடும்பத்தார் பெரும்பாலும் இப்படித்தான். இலையின் மீதோ சருகின் அடியிலோ முட்டையிடுகின்றன; கலாசோடெஸ் மூங்கிலைத் தேர்ந்துகொண்டது. குளத்துத் தவளை ஆயிரக்கணக்கில் இட்டு, பிழைப்பது பிழைக்கட்டும் என்று போய்விடும். இதுவோ சிலவற்றை மட்டும் பெற்று அவற்றோடு இருந்துவிடுகிறது.

தந்தை அப்படி உள்ளே இருப்பதால் என்ன பயன்? இதையும் சேஷாத்ரி தொடர்ந்து ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார். தந்தையை அகற்றிவிட்டுப் பார்த்தபோது முட்டைகள் பெரும்பாலும் அழிந்தன. அழித்தவை பாம்போ எறும்போ என்று நாம் நினைப்போம். உண்மையில் பெரும்பகுதி அழிவு வேறு ஆண் தவளைகளால் வந்தது. அதே இனத்து ஆண், காவலில்லாத அறைக்குள் நுழைந்து முட்டைகளைத் தின்றுவிடுகிறது. தந்தை பசியாற மாலையில் சில மணி நேரம் வெளியே சென்று திரும்புவதுண்டு, மற்றபடி காவல்தான். பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து காக்கும் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் நினைவு நமக்கு வரத்தான் செய்தது. ஆனால் சூசையப்பர் நற்செய்தியில் ஒரு வார்த்தையும் பேசாதவர். இந்தத் தந்தையோ இரவெல்லாம் வாய் ஓயாதவர். ஒப்புமையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.

நுணல் தன் வாயாலேயே கெடும் என்று நம் முன்னோர் சொன்னது வீணன்று. கூவினால்தான் துணை வரும். கூவினால் விரியனும் வரும். கூவாதிருந்தால் வம்சம் இல்லை. எந்தத் தவளைக்கும் இந்த இக்கட்டு உண்டு. நாம் நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில், மலபார் குழிவிரியன் ஒன்று பாசிநிறத்தில் கிளையோடு கிளையாய்ச் சுருண்டு கிடந்ததை வனக் காவலர்தான் காட்டினார். அசைவே இல்லை. அது காத்திருந்தது எதற்கென்று கேட்க வேண்டியதில்லை.

அன்று நாம் அந்தத் தவளையைப் பார்த்தோமா என்றால், பிளவின் வழியே இரண்டு பொற்கண்களை ஒரு கணம் பார்த்தோம். “விளக்கை அணைச்சிடலாம், ஃபாதர். அவருக்கு வேலை இருக்கு” என்றார் மாணவி. அணைத்துவிட்டோம்.

இதெல்லாம் நிலைப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை: ஈரக் காற்று. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் பருகுகிறது. மூச்சிலும் ஒரு பகுதி தோலின் வழியேதான். அந்தத் தோல் காய்ந்தால் உயிர் இல்லை. முட்டைக்கும் ஓடு கிடையாது. வறண்ட காற்றில் சில மணி நேரத்தில் சுருங்கிவிடும். குளத்தை நம்பிய தவளைக்குக் குளம் வற்றினால் அடுத்த குளத்தைத் தேடும் வாய்ப்பு உண்டு. இங்குள்ளவை மரநிழலையும் மேகத்தையும் மட்டுமே நம்பிக் குளத்தைத் துறந்தவை. தலைக்கு மேல் உள்ள இலைக்கூரையை எடுத்துவிட்டால் வெயில் நேரே தரையைத் தொடும், காற்று புகும், சருகு காயும். மழை அதே அளவு பெய்துகொண்டிருக்கும், தவளை இருக்காது. அவ்விரவில் தேயிலைச் சரிவுக்குத் திரும்பியபோது இதைக் காதாலேயே அறிந்தோம். காட்டோரத்தில் காதைத் துளைத்த ஒலிகள், தேயிலைக்குள் இருநூறு அடி நடப்பதற்குள் ஒன்றிரண்டாய்த் தேய்ந்துவிட்டன. பெய்தது ஒரே மழைதான்.

அந்தத் தேயிலை வந்த கதை எல்லோரும் அறிந்ததே. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனிக்கு விட்டது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் கீழிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஏறிச்சென்ற ஏழைகள். குளிரிலும் அட்டையிலும் மலைக் காய்ச்சலிலும் அவர்கள் பட்டபாடு தனியே எழுதத்தக்கது. நான்கு தலைமுறை அங்கே பிறந்து, அங்கேயே திருமுழுக்குப் பெற்று, அங்கேயே அடக்கமாயினர். குத்தகை முடிய நாள் நெருங்க, 2024-இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு தரப்பட்டு வேலை நின்றது. பல குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கின. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற வழக்கும் அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தள்ளுபடியாயிற்று.

இதைப் பற்றிக் கீழே பேசுகிறவர்கள், ‘தவளைக்கும் புலிக்கும் இடம் உண்டு, மனிதனுக்கு இல்லையா?’ என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் வேதனை நமக்குப் புரிகிறது. இறங்கி வந்தவர்களில் நம் ஆலயங்களில் நம்மோடு முழந்தாளிடுகிறவர்களும் உண்டு. வெயிலும் வாடகையும் பழகாத மனிதர்கள். அவர்களுக்கு வீடும் வேலையும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அதில் நமக்கு இரு கருத்து இல்லை. ஆனால் பழியைத் தவளையின் தலையில் ஏற்றுவது சரியன்று. அன்று காட்டை வெட்டச் சொன்னதும் தவளையன்று. இன்று வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் தவளையன்று. மலையேறச் சொன்னபோது ஏறி, இறங்கச் சொன்னபோது இறங்கிய மக்களும், வெட்டப்பட்ட காட்டோடு மறைந்த உயிர்களும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்றே நமக்குப் படுகிறது.

உலக நிலையை நோக்கினால் இது சிறு செய்தியன்று. 2023-இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி, தவளை முதலிய இருவாழ்விகளில் ஐந்தில் இரண்டு பங்கு இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. முதுகெலும்புள்ள உயிர்களில் இந்த அளவு இடருக்குள்ளான வகுப்பு வேறில்லை. கோஸ்டாரிக்கா நாட்டில் மாண்டெவெர்டே என்னும் மேகக்காட்டில் பொன்னிறத் தேரை ஒன்று இருந்தது. 1987-இல் நூற்றுக்கணக்கில் கண்டார்கள். 1989-இல் ஒன்றே ஒன்று. அதன்பின் எவரும் காணவில்லை. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயே அமெரிக்கக் கண்டத்திலும் ஆஸ்திரேலியாவிலும் பெருநாசம் செய்தது. அந்தப் பூஞ்சை நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடமும் காணப்பட்டுள்ளது. ஆனால் அங்கு நேர்ந்ததுபோல் கூட்டம் கூட்டமாக மடிந்ததாக இங்கே செய்தி இல்லை. நம் சமவெளியிலும் ஒரு காலத்தில் வயல் தவளைகளைப் பிடித்துக் காலை வெட்டிக் கப்பலேற்றினார்கள். 1987-இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. மாலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தவளை பிடிக்கப் போனவர்களை நம்மில் மூத்தவர்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

இவற்றைத் தேடிச் செல்வோர் பட்ட விலையும் உண்டு. மண்ணுக்கடியில் வாழ்ந்து, கறையானைத் தின்று, ஆண்டில் சில நாள் மட்டும் வெளிவந்து முட்டையிடும் பன்றிமூக்குத் தவளையின் தமிழக இனத்தைத் திருவில்லிப்புத்தூர் மலையில் கண்டு 2017-இல் பெயரிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் பூபதி. கோயம்புத்தூர் சாலிம் அலி மையத்தில் பணியாற்றிய முனைவர் பூபதி, 2014 ஏப்ரலில் இந்த அகத்தியமலைப் பகுதியில் களப்பணியில் இருந்தபோது உயிரிழந்தவர். அத்தவளையின் நெருங்கிய உறவினர் வாழ்வது நடுக்கடலில் உள்ள சேசெல்சுத் தீவுகளில். நம் நிலமும் அத்தீவுகளும் ஒரே தரையாய் இருந்த நாளிலிருந்து வந்த குடும்பம் அது.

கைவிடப்பட்ட தேயிலை என்ன ஆகும் என்று வனக் காவலரிடம் கேட்டிருந்தோம். இடுப்பளவில் நாம் காணும் செடி, கவாத்து செய்வதால்தான் செடி. கத்தி படாவிட்டால் அது மரமாக ஓங்கிவிடுமாம். அதன் நிழலில் சருகு சேரும். சருகில் ஈரம் தங்கும். பறவை போட்ட விதை முளைக்கும். ஆனால் மூங்கில்புதர் அருகில் மீந்திருந்தால்தான் அங்கே வரும். மூங்கில் வந்தாலும் யாரோ ஒரு பூச்சி வந்து துளைத்துக் கொடுத்தால்தான் கலாசோடெசுக்கு வீடு. தலைப்பிரட்டை இல்லாத தவளையை ஓடையும் சுமந்து கொண்டுபோய் விடாது. காட்டோரத்திலிருந்து அது தானே தத்தித் தத்தி வர வேண்டும், ஒரு மழைக்காலத்துக்குச் சில அடி தூரமாக.

சென்று காண விரும்பும் பங்குக் குடும்பத்தினர் அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி கேட்டறிந்துகொள்வது நல்லது. மழை, நிலச்சரிவு முதலிய காரணங்களால் பாதை அடிக்கடி மூடப்படுகிறது. இரவில் காட்டுக்குள் நுழைய இயலாது. அதனால் குறையில்லை. ஆடி மாதத்து மாலையில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் பேசாதிருந்தால் போதும். பிள்ளைகள் பேசாதிருப்பார்களா என்பது வேறு விஷயம். உடலில் கொசு மருந்து பூசியிருந்தால் தவளையைத் தொட வேண்டாம். அதன் தோல் எல்லாவற்றையும் குடித்துவிடும்.